ஒரே கேபிளில் நான்கு ஆர்டுவினோ: ஒவ்வொன்றுக்கும் முகவரி கொடுப்பது எப்படி?

கோலாலம்பூர் வட்டாரத்தில் நீர் விநியோகத் தடை என்று அறிவிப்பு வந்தால், மாடித் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் வீட்டில் முதல் கேள்வி. மூன்று தொட்டிகளின் நீர்மட்டத்தையும் ஒரே கேபிள் வழியாகச் சமையலறைக்குக் கொண்டுவரலாம். தொட்டிக்கு ஒன்றாக மூன்று ஆர்டுவினோ (புரோகிராம் ஏற்றக்கூடிய சிறு கம்ப்யூட்டர் போர்டு); இவை கேட்டால் பதில் சொல்லும் ஸ்லேவ்கள். சமையலறையில் இருக்கும் நான்காவது, கேள்வி கேட்கும் மாஸ்டர்.

சாதாரண சீரியல் (பிட்டுகளை ஒவ்வொன்றாக வரிசையில் அனுப்பும் முறை) இதற்கு ஆகாது. அது இருவர் மட்டும் பேசும் பேச்சு. ஆர்டுவினோவின் டிஎக்ஸ் கால் (அனுப்பும் பின்) சும்மா இருக்கும்போதும் 5 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மூன்று டிஎக்ஸ் கால்களை ஒரே வயரில் கட்டினால், ஒன்று பேசுவதற்காக 0 வோல்ட்டுக்கு இழுக்கும். மற்ற இரண்டும் மேலே இழுக்கும். செய்தியும் கெடும், காலும் எரியலாம். ஆர்எஸ்-485 என்பது பல போர்டுகள் ஒரே ஜோடி வயரில் பேசும் முறை; அதற்கான சிப்பில், பேசும் பகுதியை (டிரைவர்) லைனிலிருந்து விலக்கி வைக்க முடியும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: அந்தச் சிப்புக்கு முகவரி என்றால் என்னவென்றே தெரியாது. முகவரி உங்கள் புரோகிராமில்தான் இருக்கிறது.

வாங்க வேண்டியவை: ஆர்டுவினோ ஊனோ நான்கு, மேக்ஸ்485 மாட்யூல் (ஆர்எஸ்-485 சிப் ஒட்டிய சிறு போர்டு) நான்கு, 10 கே பொட்டன்ஷியோமீட்டர் (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) மூன்று, 20 மீட்டர் கேட்-5இ நெட்வொர்க் கேபிள். புடு வட்டாரத்து ஜாலான் பாசார் கடைகளில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். சென்சாரைப் பிறகு பாருங்கள். முதலில் மேசைமேல், சென்சாருக்குப் பதிலாக வைத்த பொட்டன்ஷியோமீட்டரைத் திருகி 0 முதல் 100 வரை எண் வருகிறதா என்று பாருங்கள்.

படி 1: வயரிங். நான்கு போர்டிலும் ஒரே மாதிரி: மாட்யூலின் ஆர்ஓ (கேட்டதைத் தரும் கால்) ஆர்டுவினோவின் 10-ஆம் காலுக்கு, டிஐ (அனுப்ப வேண்டியதை வாங்கும் கால்) 11-ஆம் காலுக்கு, டிஇ, ஆர்இ (பேசவா, கேட்கவா என்று மாற்றும் கால்கள்) இரண்டையும் சேர்த்து 2-ஆம் காலுக்கு. 10, 11 கால்களில் சாஃப்ட்வேர் சீரியல் (புரோகிராமே நடத்தும் சீரியல்), வேகம் விநாடிக்கு 9600 பிட். கேபிளில் நீலமும் நீல-வெள்ளையும் ஏ, பி (மாட்யூலை லைனோடு இணைக்கும் இரு கால்கள்). இரண்டும் ஒரே முறுக்கு ஜோடியாக இருக்க வேண்டும். ஒன்று நீலம், மற்றது பச்சை என்று எடுத்தால் முறுக்கின் பயனே போய்விடும். பழுப்பு ஜோடியை கிரவுண்டுக்கு வைத்து எல்லாப் போர்டுகளையும் இணையுங்கள். கேபிள் ஒரு போர்டிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாகப் போகட்டும்; நடுவிலிருந்து கிளை பிரிக்காதீர்கள்.

படி 2: 120 ஓம் ரெசிஸ்டர். பலரும் தடுக்கி விழும் இடம் இது. இந்த மாட்யூல்களில் பெரும்பாலும் ஏ, பி நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். அதன் முதுகில் 121 என்று பொடியாக எழுதியிருக்கும். அது லைனின் இரு முனைகளில் மட்டும் இருக்க வேண்டும். நான்கிலும் விட்டுவைத்தால் 30 ஓம் ஆகிவிடும்; ஓம் குறையக் குறையச் சுமை கூடும், ஆர்எஸ்-485 டிரைவர் தாங்க வேண்டிய சுமையோ 54 ஓம் வரைதான். நடுவிலுள்ள இரண்டு மாட்யூல்களிலும் அதைச் சூடாக்கிக் கழற்றிவிடுங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏ, பி நடுவே மீட்டர் வையுங்கள். 60 ஓம் பக்கம் காட்டினால் சரி.

படி 3: முகவரியை எழுதுவது. மூன்று ஸ்லேவுக்கும் மூன்று புரோகிராம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம் கழித்து எது எதற்கு என்று குழம்பும். சிறிய புரோகிராம் ஒன்றால் ஈஈப்ராமின் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) 0-ஆம் இடத்தில் 1, 2 அல்லது 3 என்று ஒருமுறை எழுதிவிடுங்கள். பிறகு மூன்றுக்கும் ஒரே புரோகிராம். தொடங்கும்போது அந்த எண்ணைப் படித்துக்கொள்ளும். எழுதப்படாத இடம் 255 என்று வரும். அப்படி வந்தால் அந்தப் போர்டு வாயே திறக்கக் கூடாது. மாஸ்டரின் முகவரி 100.

படி 4: செய்தியின் வடிவம். ஐந்து பைட்: தொடக்கம் 170, பெறுபவர் முகவரி, கட்டளை, தரவு, சரிபார்ப்பு. நடு மூன்றையும் எக்ஸ்ஓஆர் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1 தரும் கணக்கு) செய்தால் சரிபார்ப்பு எண். 2-ஆம் தொட்டியிடம் மட்டம் கேட்க (கட்டளை 16): 170, 2, 16, 0, 18. அது 73 என்று பதில் சொன்னால்: 170, 100, 2, 73, 47. பதிலில் மூன்றாவது பைட் அனுப்பியவர் யார் என்பதைச் சொல்கிறது. மற்ற எண்களெல்லாம் 128-க்குக் கீழே இருப்பதால் 170 செய்தியின் நடுவில் வரவே வராது. 170-ஐக் கண்டதும் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கலாம்.

படி 5: பேசும் ஒழுங்கு. கேட்டால் மட்டுமே ஸ்லேவ் பேசும். முகவரியும் சரிபார்ப்பும் பொருந்தினால் 2 மில்லிவிநாடி பொறுத்து, டிஇ-யை உயர்த்தி, ஐந்து பைட் அனுப்பி, உடனே தாழ்த்த வேண்டும். 9600 வேகத்தில் ஐந்து பைட்டுக்கு 5 மில்லிவிநாடிக்குச் சற்று மேல் ஆகும். மாஸ்டர் 50 மில்லிவிநாடி காத்திருக்கட்டும். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் "தொடர்பில்லை" என்று காட்டிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போகட்டும். மின்சாரம் வந்த முதல் 3 விநாடி மாஸ்டர் பேச வேண்டாம். அதற்குள் எல்லாப் போர்டும் எழுந்து டிஇ-யைத் தாழ்த்தியிருக்கும்.

வேலை செய்யவில்லையா?

எந்தப் பதிலும் இல்லை, அல்லது குப்பை எண்கள்: ஏ, பி மாறியிருக்கும். மாற்றிப் போடுங்கள், மாறிக் கிடந்ததால் சிப்புக்கு ஒன்றும் ஆகாது.

கடைசி பைட் மட்டும் வெட்டுப்படுகிறது: 0, 1 கால்களின் ஹார்ட்வேர் சீரியலுக்கு (ஆர்டுவினோவின் சிப்பிலேயே உள்ள சீரியல்) மாறியிருப்பீர்கள். அங்கே எழுதும் கட்டளை பைட்டைப் பஃபரில் (அனுப்பக் காத்திருக்கும் இடம்) போட்டதும் திரும்பிவிடும். ஃபிளஷ் (எல்லாம் அனுப்பி முடியும் வரை காத்திருக்கும் கட்டளை) முடியும் வரை டிஇ-யைத் தாழ்த்தாதீர்கள். அந்தக் கால்களில் ஆர்ஓ வயரைக் கழற்றாமல் புரோகிராம் ஏற்றவும் முடியாது.

தனியாக வைத்தால் ஓடுகிறது, மூன்றும் சேர்ந்தால் தடுமாறுகிறது: இரண்டு போர்டில் ஒரே முகவரி எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் சரிபார்ப்பு தவறும். ஒவ்வொரு போர்டிலும் முகவரி எண்ணை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.