டிராஃப்டில் யாரை எடுப்பது? ரசிகர்கள் விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பிறந்து, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்ட் நெருங்கினால் தோற்ற அணிகளின் ரசிகர்களுக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். சீசன் முழுக்க அடி வாங்கியவர்கள் "நம்ம டீம் இவனைத்தான் எடுக்கணும்" என்று மறுபடி நெஞ்சை நிமிர்த்திப் பேசுவார்கள். எனக்கு இந்த மூன்று நான்கு வாரங்கள் மிகவும் பிடிக்கும். ஆனால் பல வருடங்களாக இந்த வாதங்களைக் கேட்டதிலும் நானே வாதாடியதிலும் ஒன்று தெளிவாகப் புரிந்தது. நாம் தப்பான காலத்தைப் பார்த்துப் பேசுகிறோம்.

டிராஃப்டில் வருகிறவர்களில் பலர் 19, 20 வயதுப் பையன்கள். முதல் சுற்றில் எடுக்கப்படும் ஒருவரின் முதல் ஒப்பந்தமே நான்கு ஆண்டுகள் வரை ஓடும். அந்தப் பையன் முழு ஆட்டக்காரனாக வளர்ந்து நிற்கும் நாளில் இன்றைய அணியில் பாதிப் பேர் வேறு ஊரில் ஆடிக்கொண்டிருப்பார்கள். நாமோ வருகிற அக்டோபரில் யார் எந்த இடத்தில் இறங்குவது என்றே சண்டை போடுகிறோம். மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஓட்டையை அடைக்க ஆள் தேடுவது

இந்தத் தவறைப் பேசினால் 1984இல் போர்ட்லண்டு செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் தேர்வில் ஹூஸ்டன் ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்துவிட்டது. இரண்டாவது தேர்வு போர்ட்லண்டிடம். அவர்களுக்கு வேண்டியது ஒரு சென்டர், அதாவது வளையத்தின் அருகே ஆடும் உயரமான ஆள். வெளியிலிருந்து ஆடும் கார்டு இடத்தில் ஜிம் பாக்ஸன் இருந்தார், முந்தைய வருடம்தான் கிளைட் டிரெக்ஸ்லரையும் எடுத்திருந்தார்கள். ஆகவே கென்டக்கி பல்கலைக்கழகத்தின் 7 அடி 1 அங்குல உயர சாம் போவியைத் தேர்ந்தெடுத்தார்கள். கால் எலும்புக் காயத்தால் கல்லூரியிலேயே இரண்டு முழு சீசன்களை இழந்தவர் அவர். மூன்றாவது தேர்வில் சிகாகோ ஒரு கார்டை எடுத்தது, அவர் மைக்கேல் ஜோர்டன். போவி போர்ட்லண்டுக்காக மொத்தம் ஆடியது 139 ஆட்டங்கள்தான்.

அன்று போர்ட்லண்டு யோசித்ததில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நல்ல சென்டர் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. பிசகு வேறு இடத்தில் இருந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் அமைந்தால் ஒருவரைக் கொடுத்து வேண்டிய ஆளை வாங்கிக்கொள்ளலாம். சாதாரண ஓட்டையை அடைக்க, அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேடு இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வரும் வீரர்கள் இருக்கிறார்கள். ஆனால் தலைமுறைக்கு ஒருவராக வரும் ஆட்டக்காரரை மலிவாகப் பெற டிராஃப்டை விட்டால் அநேகமாக வேறு வழி கிடையாது.

இதே வாதம் 2018இல் சாக்ரமென்டோவைச் சுற்றிப் பலமாகக் கேட்டது. கையில் இரண்டாவது தேர்வு. "நம்மிடம் டியாரன் ஃபாக்ஸ் இருக்கிறார், பந்தைக் கையில் வைத்துத்தான் ஆடுவார். லூகா டான்சிச்சும் அப்படித்தான். ரெண்டு பேரும் ஒத்துவராது" என்றார்கள். அணி மார்வின் பேக்லியை எடுத்தது. அட்லாண்டா டான்சிச்சை மூன்றாவதாக எடுத்து டல்லாஸுக்கு மாற்றிக்கொடுத்தது. 2022இல் பேக்லியை சாக்ரமென்டோ டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டது. 2024இல் டான்சிச் டல்லாஸை இறுதிப்போட்டிவரை கொண்டுபோனார். யாருக்கு இடைஞ்சலாகும் என்று பயந்தார்களோ, அந்த ஃபாக்ஸும் 2025 பிப்ரவரியில் சான் அன்டோனியோவுக்குப் போய்விட்டார். அதன்பின் அந்தப் "பொருத்தம்" எங்கே போயிற்று?

அப்படியானால் அணியின் தேவையைப் பார்க்கவே கூடாதா என்றால், பார்க்கலாம், ஆனால் கடைசியில் பாருங்கள். முதலில் நம் அணியை மறந்துவிட்டு வருகிற பையன்களைத் திறமைப்படி அடுக்கு அடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே அடுக்கில் இரண்டு மூன்று பெயர்கள் நின்றால் அங்கே தேவை தீர்ப்புச் சொல்லட்டும். கீழ் அடுக்கில் இருக்கிறவரைத் தேவைக்காக மேலே தூக்கி வைக்காதீர்கள். நானே வருடா வருடம் ஒரு தாளில் இப்படித்தான் எழுதுகிறேன். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

வயதை விட்டுவிட்டு சராசரியை ஒப்பிடுவது

"இவன் ஒரு ஆட்டத்துக்கு 21 புள்ளி எடுக்கிறான், அவன் 13தான்" என்று ஆரம்பிப்பார்கள். முதலாமவனுக்கு 22 வயது, நான்காம் ஆண்டு மாணவன். இரண்டாமவன் பள்ளியை முடித்து வந்த முதல் ஆண்டுப் பையன். 22 வயதுக்காரர் தன்னைவிட மூன்று வயது இளையவர்களுக்கு எதிராக எடுத்த புள்ளிகள் அவை. அதே இளையவன் மூன்று வருடம் கழித்து எப்படி ஆடுவான் என்பதுதான் நம் கேள்வி.

இதில் உச்சமான உதாரணம் யானிஸ் ஆன்டெடோகவுன்ம்போ. 2013இல் மில்வாக்கி அவரை 15ஆவதாக எடுத்தபோது வயது 18, ஆடிக்கொண்டிருந்தது கிரீஸின் இரண்டாம் நிலை லீக். என்பிஏவில் முதல் வருடச் சராசரி 7 புள்ளிகள்கூட இல்லை. 2019, 2020 இரண்டு வருடமும் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்), 2021இல் சாம்பியன்.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு "22 வயதானால் கிழவன், வேண்டாம்" என்று தள்ளுவதும் அதே அளவு தவறு. டேமியன் லில்லார்ட் வெபர் ஸ்டேட்டில் நான்கு வருடம் இருந்துவிட்டு 2012இல் ஆறாவதாக வந்தார், அந்த சீசனின் சிறந்த ரூக்கியும் (முதல் வருட ஆட்டக்காரர்) அவர்தான். ஜேலன் பிரன்சன் வில்லனோவாவில் இரண்டு தேசியப் பட்டங்களை வென்றுவிட்டு வந்தும் 2018இல் 33ஆவது இடம்வரை காத்திருந்தார். உயரம் போதாது, இனி வளர இடமில்லை என்றார்கள். பின்னர் அவர் நியூயார்க் அணியின் கேப்டன் ஆனார். வயது ஓர் அளவுகோல் மட்டும்தான்.

சின்ன எண்ணிக்கையில் பெரிய முடிவு

கல்லூரியில் ஒரு பையன் முதல் சீசனில் 120 மூன்று புள்ளி வீச்சுகள் எறிகிறான் என்று வைத்துக்கொள்வோம். 48 விழுந்தால் 40 சதவீதம், எல்லோரும் "அருமையான ஷூட்டர்" என்போம். அதில் ஐந்து பந்துகள் வளையத்தில் சுற்றி வெளியே வந்திருந்தால் 36 சதவீதத்துக்குக் கீழே, "சுமார்தான்" என்போம். ஒரு சீசனில் ஐந்தே பந்துகள்! அதை வைத்து ஒருவனின் பத்து வருடத்தைத் தீர்மானிக்கப் பார்க்கிறோம்.

அதனால்தான் ஆட்டக்காரர்களைத் தேடிப் போகிறவர்கள் ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். யாரும் மறிக்காமல், ஒரே தூரத்திலிருந்து, ஒரே மாதிரி எறிவது அது. கையின் இயல்பான பக்குவம் அங்கே கொஞ்சம் தெளிவாகத் தெரியும். மார்கெல் ஃபுல்ட்ஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மூன்று புள்ளி வீச்சில் 41 சதவீதம் எடுத்தார், ஃப்ரீ த்ரோவில் 65 சதவீதம்தான். இந்த முரண்பாட்டைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை, 2017இல் ஃபிலடெல்ஃபியா அவரை முதலாவதாக எடுத்தது. வந்த சில மாதங்களிலேயே அவருடைய வீச்சு குலைந்துபோனது. பிறகு தோள், கழுத்துப் பக்கத்து நரம்பு அழுத்தக் கோளாறு என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள், எனவே எல்லாவற்றுக்கும் அந்த 65தான் காரணம் என்று சொல்வது அநியாயம். கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி அந்த எண்ணில் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மறுபக்கம் கவாய் லெனர்ட். கல்லூரியில் வெளியிலிருந்து எறிவதில் சுமாருக்கும் கீழே. 2011இல் 15ஆவதாக இண்டியானா எடுத்து, ஜார்ஜ் ஹில் என்ற ஆட்டக்காரருக்குப் பதிலாக சான் அன்டோனியோவுக்குக் கொடுத்தது. அங்கே வீச்சைத் திருத்துவதில் பேர்போன பயிற்சியாளர் சிப் எங்கலண்ட் இருந்தார். லெனர்ட் நல்ல ஷூட்டராகவே மாறினார். யார் எடுக்கிறார்கள் என்பதும் ஒருவனின் எதிர்காலத்தில் பாதி. நம் விவாதங்களில் பயிற்சியாளர்களின் பெயர் அநேகமாக வருவதே இல்லை, எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது.

ஐரோப்பா என்றால் எல்லாம் ஒன்றுதானா

2003இல் டெட்ராய்ட் இரண்டாவது தேர்வில் டார்கோ மிலிசிச்சை எடுத்தது. அவருக்குப் பின்னால், பின்னாளில் நட்சத்திரங்கள் ஆன கார்மெலோ ஆன்தனி, கிறிஸ் போஷ், டுவேன் வேட் மூவரும் வரிசையாகப் போனார்கள். மிலிசிச்சுக்கு அப்போதுதான் 18 நிறைந்திருந்தது. வந்து சேர்ந்ததோ அடுத்த வருடமே சாம்பியன் ஆன அணி. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அதன்பின் "ஐரோப்பியப் பையன்" என்றாலே பல ரசிகர்களுக்குக் கசப்பு. 2015இல் நியூயார்க் நான்காவதாக லாட்வியாவின் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை அறிவித்தபோது அரங்கமே கூச்சலிட்டு எதிர்த்தது. மூன்றாவது சீசனில் அவர், நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கான ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்.

டான்சிச் விஷயத்தில் இந்தக் கசப்பு இன்னும் பெரிய விலை கேட்டது. மிலிசிச் செர்பியாவின் ஒரு சின்ன அணியில் சிறிது நேரம் ஆடியவர். டான்சிச் ரியல் மாட்ரிட்டுக்காகப் பெரிய ஆண்களோடு மோதி, 19 வயதில் ஐரோப்பாவின் உச்ச லீக்கான யூரோலீக் கோப்பையும் வென்று அதன் எம்விபி விருதும் வாங்கியவர். அமெரிக்கக் கல்லூரி லீக்கைவிடக் கடினமான களம் அது. இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் போட்டுப் பேசினோம். "வேகம் போதாது, என்பிஏவில் யாரையும் தாண்டிப் போக முடியாது" என்ற பேச்சை அப்போது நானும் நம்பினேன். அவர் வேகத்தால் தாண்டுவதில்லை, நின்று நின்று எதிராளியின் தாளத்தைக் கலைத்துத் தாண்டுகிறார் என்பதை முழு ஆட்டங்களைப் பார்த்த பிறகுதான் கண்டுகொண்டேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் மூன்று நிமிட வீடியோக்கள்.

அந்த வீடியோக்களைப் பற்றி ஒரு வார்த்தை. விழுந்த பந்துகளை மட்டும் ஒட்டித் தருபவை அவை. ஒரு பையனின் இரண்டு முழு ஆட்டங்களையாவது பாருங்கள், ஒன்று ஜெயித்தது, ஒன்று மோசமாகத் தோற்றது. பந்து கையில் இல்லாதபோது எங்கே நிற்கிறான், தன் ஆளைத் தவறவிட்டபின் ஓடித் திரும்புகிறானா என்று கவனியுங்கள்.

அளவு நாடா

உயரமும் கை நீளமும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2007இல் கெவின் டூராண்டால் 185 பவுண்டு எடையை ஒரு முறைகூடத் தூக்க முடியவில்லை என்பது அன்று பெரிய செய்தி. டிரேமண்ட் கிரீன் எந்த இடத்துக்கும் பொருந்தாத அளவுள்ளவர் என்று 2012இல் 35ஆவது இடம்வரை சறுக்கினார். 7 அடி 3 அங்குல ஹஷீம் தபீட் 2009இல் இரண்டாவதாகப் போனார், ஜேம்ஸ் ஹார்டன் மூன்றாவது, ஸ்டெஃபன் கரி ஏழாவது. இவர்களில் தபீட் மட்டும் எடுபடவில்லை, மற்ற நால்வரும் பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இரண்டே பெயர்களில் மாட்டிக்கொள்வது

இவனா அவனா என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். மூன்றாவது வழி ஒன்று இருப்பதே மறந்துபோகும். 2017இல் முதல் தேர்வு பாஸ்டனிடம் இருந்தது. ஃபுல்ட்ஸா லான்சோ பாலா என்று ஊரே பேசியபோது, பாஸ்டன் அந்தத் தேர்வை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து மூன்றாவது தேர்வையும் எதிர்காலத்து முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் வாங்கியது. மூன்றாவதில் ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024இல் அவரோடு சாம்பியன் ஆனது.

முதல் சில தேர்வுகள் எந்த அணிக்கு என்று குலுக்கிப் பார்க்கும் லாட்டரி முடியும் முன்பே ஒரே பெயரில் மனதைக் கொடுப்பதும் இதோடு சேர்ந்ததுதான். 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வு கிடைக்க ஆளுக்கு 14 சதவீத வாய்ப்புதான். 2025இல் வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு வந்த டல்லாஸ்தான் முதல் தேர்வில் கூப்பர் ஃப்ளாக்கைக் கொண்டுபோனது. ஆகவே ஐந்தாறு பையன்களையாவது உட்கார்ந்து படித்து வையுங்கள்.

முடிவைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தவரைத் திட்டுவது

2007இல் போர்ட்லண்டு டூராண்டை விட்டுவிட்டு கிரெக் ஓடனை எடுத்தது. முழங்கால் காயங்களால் ஓடன் அந்த அணிக்கு ஆடியது 82 ஆட்டங்கள், ஒரே ஒரு சீசனின் கணக்கு. ஆனால் அன்று முதல் தேர்வு யார் கையில் இருந்திருந்தாலும் பெரும்பாலோர் ஓடனையே எடுத்திருப்பார்கள். போவியின் காயம் முன்பே தெரிந்த ஆபத்து, ஓடனுடையது அந்த அளவுக்குத் தெரிந்ததல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

பின்னாளில் எம்விபி ஆன நிகோலா யோகிச்சை 2014இல் 41ஆவதாக எடுத்த டென்வரை மேதைகள் என்று புகழ்கிறோம். அதே இரவில் அதே டென்வர் யூசுஃப் நுர்கிச் என்ற இன்னொரு சென்டரை 16ஆவது இடத்திலேயே பெற்றுக்கொண்டது. யோகிச் இப்படி ஆவார் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தால் 41வரை விட்டிருப்பார்களா? ஒரு தேர்வை எடைபோடும்போது, அன்றைக்கு என்ன தெரியும், அதை வைத்துச் சரியாக யோசித்தார்களா என்று கேளுங்கள்.

அவசரத் தீர்ப்பு இதற்கு அண்ணன் தம்பி. ஜூலையில் புதியவர்கள் ஆடிப் பார்க்கும் கோடை லீக் தொடங்கும். 2023இல் லாஸ் வேகஸில், அந்த வருடம் முதலாவதாக எடுக்கப்பட்ட விக்டர் வெம்பன்யாமா முதல் ஆட்டத்தில் 13 முறை எறிந்து இரண்டே இரண்டைப் போட்டார், மொத்தம் 9 புள்ளிகள். அன்றிரவே "ஏமாற்றம்" என்று எழுதிக் குவித்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே ஊரில் 27 புள்ளிகளும் 12 ரீபவுண்டுகளும் எடுத்தார். அடுத்த மே மாதம் சிறந்த ரூக்கி விருதுக்கு வாக்களித்தவர்களில் ஒருவர்கூட வேறு பெயரை முதலிடத்தில் எழுதவில்லை.