பால் க்ளேயின் சதுரங்களைக் கல்லில் இழைப்பது எப்படி?

வண்ணக் கல் துண்டுகளை இணைத்து ஓவியம் செய்யும்போது, ஓவியத்தை முதலில் முடிவு செய்துவிட்டுக் கல் தேடப் போனால் அலைச்சல்தான் மிஞ்சும். நீலத்துக்கு லாபிஸ் லசுலி என்ற விலையுயர்ந்த கல்லை வாங்கப் போனால் பர்ஸ் காலி. கிடைக்கிற கற்களை முதலில் பரப்பிவையுங்கள். அந்த நிறங்களுக்குள் அடங்கும் ஓவியத்தைப் பிறகு தேடுங்கள்.

மார்பிள் கடைகளில் ஒதுக்கிப் போடும் துண்டுகளில் மக்ரானா வெள்ளை, ஜெய்சல்மேர் மஞ்சள், செங்காவி மார்பிள், கோட்டா கல்லின் சாம்பல் பச்சை, கடப்பாவின் கருப்பு எல்லாம் கிடைக்கும். இந்த நிறங்களுக்குப் பொருந்துவது ஓவியர் பால் க்ளே 1925-ல் வரைந்த ‘பண்டைய ஒலி’. சுவிட்சர்லாந்தின் பாசல் கலைக்கூடத்தில் இருக்கும் அந்த ஓவியம் முழுக்கச் சதுரங்கள்தான்: ஓரங்களில் இருட்டு, நடுப்பக்கம் வர வர வெளிச்சம். அதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நகரும் அந்தப் போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். க்ளே மறு ஆண்டே இத்தாலியின் ரவென்னாவுக்குப் போய் அங்குள்ள பழைய மொசைக்குகளை (சிறு துண்டுகளைப் பதித்துச் செய்த படங்களை) பார்த்தவர். அவர் சதுரங்களைக் கல்லில் செய்வது ஒன்றும் அந்நியமான வேலை இல்லை.

ஆக்ரா முறையில் பளிங்கைக் குடைந்து பள்ளத்தில் கல்லைப் பதிப்பார்கள். அதற்குக் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் முறையில் துண்டோடு துண்டை இடைவெளியின்றி இணைத்து, பின்னால் ஒரு பலகைக்கல்லை ஒட்டுவார்கள். அந்நகரை ஆண்ட மெடிசி குடும்பத்து முதலாம் ஃபெர்டினான்டோ 1588-ல் இதற்கென்றே ஒரு பட்டறை தொடங்கினார். நாம் செய்யப்போவது அதன் எளிய வடிவம்.

1. கல்லைச் சோதித்தல்

ஒவ்வொரு துண்டிலும் இரும்பு ஆணியால் கீறுங்கள். கீறல் விழுந்தால் வைத்துக்கொள்ளுங்கள், விழாவிட்டால் ஒதுக்குங்கள். கிரானைட்டும் ஜாஸ்பரும் இதில் வெளியே போய்விடும். கடினமான கல்லும் மென்மையான கல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், தேய்க்கும்போது மென்மையானது மட்டும் குழிந்துபோகும். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்தக் குழி போகாது. பிறகு கல்லை நனைத்துப் பாருங்கள். பாலிஷ் போட்ட பின் நிறம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

2. வரைபடம்

18 செ.மீ. சதுரம், 3 செ.மீ. உயரத்தில் ஆறு வரிசைகள். வரிசைக்குள் துண்டுகளின் நீளம் 2 முதல் 4 செ.மீ. வரை மாறலாம். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டினால் குளியலறைத் தரை போலாகிவிடும். துண்டுகளுக்கு எண் போட்டு, படத்தை இடவலம் மாற்றி இன்னொரு பிரதி எடுங்கள். கற்களைக் குப்புற அடுக்கப்போவதால் அது தேவைப்படும்.

3. வெட்டுதல்

மார்பிள் கடையிலேயே 3 செ.மீ.க்கு ஒரு மில்லிமீட்டர் கூட்டிப் பட்டைகளாக வெட்டி வாங்கிவிடுங்கள். குறுக்கு வெட்டு மட்டும் உங்கள் வேலை. தண்ணீர்த் தொட்டி உள்ள மேசை டைல்ஸ் கட்டரில், வைர பிளேடு போட்டு வெட்டுங்கள். உலர்வாக ஒருபோதும் வெட்டாதீர்கள், கல்தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். சிறு துண்டை விரலால் தள்ளாமல் மரக்கட்டையால் தள்ளுங்கள். தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்த வேலை என்பதால் எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

4. பொருத்துதல்

பொறுமை வேண்டிய இடம் இது. தடித்த கண்ணாடி மேல் 220-ஆம் எண் வாட்டர் பேப்பரை (ஈரத்தோடு தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து ஒட்டி, துண்டின் விளிம்பைத் தேயுங்கள். இரண்டு துண்டுகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி கசியும் இடத்தைத் தொடாமல், ஒட்டி நிற்கும் இடத்தைத் தேய்க்க வேண்டும். பலர் மாற்றிச் செய்வது இங்கேதான். பின்பக்கம் மட்டும் மிக லேசாக உள்வாங்கும்படி தேய்த்தால் முன்பக்க விளிம்புகள் நன்றாகக் கவ்வும், பசைக்கும் இடம் கிடைக்கும்.

5. ஒட்டுதல்

கண்ணாடி மேல் பாலித்தீன் தாளை விரித்து, ஒரு வரிசையைக் குப்புற அடுக்குங்கள். மெதுவாக இறுகும் எபாக்சி பசையில் கருப்பு நிறப்பொடி கலந்து ஒட்டுங்கள். க்ளேயின் ஓவியமும் கருப்புப் பின்னணி மேல்தான் நிற்கிறது. ஆகவே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் படத்தோடு சேர்ந்துவிடும். (ஃபுளோரன்ஸ் கைவினைஞர் பார்த்தால் திட்டுவார்.) வரிசை இறுகியதும் அதன் நீள விளிம்பை நேராகத் தேய்த்து, அடுத்த வரிசையோடு இணையுங்கள். ஆறும் சேர்ந்த பின், பின்பக்கத்து மேடுபள்ளத்தைக் கல்பொடி கலந்த எபாக்சியால் சமன் செய்து, கடப்பா பலகையை ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

6. தேய்த்தல்

120, 220, 400, 800, 1500 என்ற வரிசையில் வாட்டர் பேப்பர், தண்ணீரோடு. ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் கல்லையும் கையையும் கழுவுங்கள். பழைய மணல் ஒன்று தங்கினாலும் கீறல் விழும். 120-ல் அவசரப்பட்டால் 1500-ல் எல்லாம் தெரியும். கடைசியில் மெழுகு பூசித் துணியால் தேயுங்கள்.

எடை இரண்டு கிலோவைத் தாண்டும். ஒற்றை ஆணியில் மாட்டாமல் தாங்கியில் நிறுத்துங்கள். துடைக்க ஈரத்துணி போதும், எலுமிச்சையோ வினிகரோ பட்டால் மார்பிளின் பளபளப்பு அரித்துப்போகும்.