முன்சக்கரம் இழுக்காத ஜிப்சி

தாண்டிக்குடி மலையில் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு மண்பாதைதான். அதற்காகவே 2004ஆம் ஆண்டு தயாரிப்பான பழைய மாருதி ஜிப்சி ஒன்றை, நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகை வண்டியை, வாங்கினேன். 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், சத்தம் சுத்தமாக இருந்தது. அதை மட்டும் கேட்டு முன்பணம் கொடுத்தது என் தவறு.

முதல் மழையிலேயே சேற்றில் மாட்டிக்கொண்டது. சிறிய கியர் கம்பியை நான்கு சக்கர நிலைக்குத் தள்ளியும் பின்சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி இறைத்தன.

குறை ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில் இருந்தது. முன்சக்கரங்களின் நடுவில் கையால் திருகும் குமிழ்கள் உண்டு. அவை ‘லாக்’ நிலையில் இருந்தால்தான் அச்சின் சுழற்சி சக்கரத்துக்குப் போகும். வலப்பக்கக் குமிழ் இறுகி ‘ஃப்ரீ’யிலேயே நின்றிருந்தது. ஒரு பக்கம் விடுபட்டால் போதும், இரு பக்கத்து அச்சுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் அந்தப் பக்கத்து அச்சையே வெறுமனே சுற்றும், மறுபக்கமும் இழுக்காது.

கழற்றினால், உள்ளே கிரீஸ் பழம்புளிபோலக் கறுத்துக் காய்ந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புதுக் கிரீஸை மெல்லியதாகப் பூசி, புதுக் கேஸ்கெட் வைத்து மூட்டினேன். குமிழ் இரண்டு விரலுக்கே திரும்பியது!

இப்போது நண்பர்களுக்கு வண்டி பார்க்கப் போனால் ஜாக்கியோடு போகிறேன். கியர் கம்பியை இரு சக்கர நிலையில் விட்டு, இரண்டு ஹப்பையும் லாக் செய்து, ஒரு முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுவேன். அடியில் முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டான முன் பிராபெல்லர் ஷாஃப்ட்டும் கூடவே சுற்ற வேண்டும். இதே சோதனையை மறுபக்கமும் செய்வேன். நான்கு டயரும் ஒரே அளவா என்பதையும் பார்த்துவிடுவேன். மாறியிருந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத்தான் கேடு.