எல்லாம் பக்கத்தில்தானே!

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில், கடைத்தெரு, வங்கி, மாவு மில் எல்லாமே நடந்து போகிற தூரம்தான். அந்தத் தைரியத்தில்தான் சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் பத்து வேலைகளுக்குப் பட்டியல் போடுவோம். சாயங்காலம் பார்த்தால் நான்கு முடிந்திருக்கும், மற்ற ஆறும் பையிலேயே திரும்பி வந்திருக்கும். ஊர் சின்னதுதான், ஆனால் ஒவ்வொரு கதவும் திறக்கிற நேரம் வேறு, அடைக்கிற நேரம் வேறு. அதைக் கணக்கில் எடுக்காமல் செருப்பை மாட்டுவதில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

அது எத்தனையாவது சனிக்கிழமை என்று பார்க்காமல் வங்கிக்குப் போகாதீர்கள். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை. மற்ற சனிக்கிழமைகளில் முழு நாள் வேலை உண்டு. இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் நானே, மறுநாள் தங்கை மகனுக்குக் காது குத்து என்ற நிலையில், லாக்கரிலிருந்து நகை எடுக்க நான்காவது சனிக்கிழமை போய் நின்றேன். பூட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிய அந்த ஐந்து நிமிட நடைதான் என் வாழ்நாளிலேயே நீளமானது. மாமன் முறைக்குக் கடைசியில் அண்டை வீட்டுச் சங்கிலிதான் கைகொடுத்தது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10.30 வரை. நல்ல காரியம் எதற்கும் அந்த நேரத்தில் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வாதம் செய்து அரை மணி நேரத்தை இழப்பதைவிட, 9 மணிக்கு முன்பே கிளம்பிவிடுவது லாபம்.

வெளியூர் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு, "கடைத்தெரு வேலையை முடித்துவிட்டு அப்படியே ஆண்டாளைப் பார்த்துவிடலாம்" என்று சொல்வது அடுத்த தவறு. மதியம் நடை சாத்திவிட்டால், பிறகு சாயங்காலம்தான். 11 நிலைக் கோபுரத்தை வெளியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, வெயிலில் சுட்ட காலோடு திரும்ப வேண்டியதுதான். கோயிலை முதலில் வையுங்கள். கடைகள் எங்கும் ஓடிப்போகாது. புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் வேறு எந்த வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் மலைக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸும் கிடைக்காது, ஆட்டோவும் கிடைக்காது.

இனி மாவு மில். இதில் நடக்கிற தவறுகளுக்குத் தனிப் புத்தகமே எழுதலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை வரை மின்சாரம் இருக்காது என்று முந்தின நாள் செய்தித்தாளில் வந்திருக்கும். அதைப் படிக்காமல் மிளகாய்த் தூக்கைத் தூக்கிக்கொண்டு போனால், அண்ணாச்சி மில் வாசலில் விசிறியோடு உட்கார்ந்திருப்பார். மின்சாரம் இருந்தாலும், உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்காமல் பச்சரிசியைக் கொட்டிவிடாதீர்கள். மிளகாய் அரைத்த கையோடு அரிசி அரைத்தால், அன்றைய முறுக்கைத் தின்ற பிள்ளைகள் தண்ணீர்க் குடத்தைத் தேடுவார்கள். மிளகாயையும் ஒரு வெயில் போதும் என்று அவசரப்படக் கூடாது. காம்பைப் பிடித்து ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும், வளைத்தால் நொறுங்க வேண்டும். ஈரப்பதமாக இருந்தால் அரைபடாமல் அடைத்துக்கொள்ளும். அண்ணாச்சி முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்துவிடுவார். அரைத்து முடித்த தூள் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதை அப்படியே மூடி போட்டு எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினால், மூடியின் அடியில் வியர்த்து, தூள் கட்டிபிடித்து, நிறமும் கறுத்துவிடும். மில்லிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து, தாளில் பரப்பி ஆற வைத்த பிறகுதான் அடுத்த வேலை.

ஞாயிறு காலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கறிக்கடைக்கு 7 மணிக்குள் போகாவிட்டால் மிஞ்சியதைத்தான் வாங்க வேண்டும். முடிதிருத்தும் கடைக்கு வேறு ஏதாவது ஒரு நாள் போங்கள்.

பால்கோவா விஷயத்திலும் சூடுதான் எதிரி. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் இது. வாங்கினால் போதும் என்று வந்தவர்கள் காலையிலேயே இரண்டு கிலோ வாங்கிப் பையில் போட்டு, வெயிலில் நாள் முழுக்கச் சுமக்கிறார்கள். நெய் பிரிந்து, மறுநாளே புளிப்பு தட்டுகிறது. பிறகு கடைக்காரரைத் திட்டுகிறார்கள். ஊரைவிட்டுக் கிளம்பும்போது கடைசியாக வாங்குங்கள். இன்று கிண்டியதா என்று கேளுங்கள், ஒரு துளி வாயில் போட்டுப் பாருங்கள், கேட்டால் கொடுப்பார்கள். அடுப்பிலிருந்து இறக்கியது கிடைத்தால் இன்னும் அருமை. ஆனால் அதை அங்கேயே இலையில் வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். ஊருக்கு எடுத்துப்போவதற்கு ஆறியதே சரி.

கடைசித் தவறு, ஞாயிறு சாயங்கால மதுரை பஸ். தென்காசி, ராஜபாளையம் பக்கமிருந்து வருகிற வண்டிகள் இங்கே வரும்போதே நிறைந்திருக்கும். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பால்கோவா டப்பா என்று படியில் ஏறுகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, 3 மணிக்குள் கிளம்பிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். "இன்னொரு காபி குடித்துவிட்டுப் போங்களேன்" என்று என் வீட்டில் சொல்வார்கள். அந்தக் காபிக்குச் சரியென்று தலையாட்டிய என் மைத்துனர், சென்ற மாதம் திருமங்கலம் வரை நின்றுகொண்டே போனார்.