பழி டிஸ்க்குக்கு, குற்றம் பவருக்கு

முகூர்த்த மாதம் வந்தால் கிருஷ்ணகிரியில் உள்ள என் சர்வீஸ் கடைக்குக் கல்யாண வீடியோக்காரர்கள் யுஎஸ்பி போர்ட்டபிள் டிஸ்க்கோடு வரிசையாக வருவார்கள். "அண்ணா, காப்பி பாதியில நின்னுடுது, டிஸ்க் போயிடுச்சு போல." காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு தம்பி ஒருமுறை டிஸ்க்கை ஃபார்மட்டும் செய்து, அதாவது உள்ளே இருந்ததை அழித்துப் பார்த்துவிட்டே வந்தார். மெமரி கார்டை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தார், தாலி கட்டிய காட்சி தப்பித்தது.

ஃபார்மட் செய்வதுதான் முதல் தவறு. இணைப்பு எப்போது அறுகிறது என்று பார்க்காமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகு டிஸ்க் காணாமல் போகிறதா? அப்படியானால் விண்டோஸின் 'செலக்டிவ் சஸ்பெண்ட்' மேல் சந்தேகப்படலாம். வேலை இல்லாத யுஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு அது. சில டிஸ்க்குகள் அந்தத் தூக்கத்திலிருந்து சரியாக எழுந்திருப்பதில்லை. ஆனால் தகவல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்தால், அந்த செட்டிங்கை நோண்டிப் பலன் குறைவு. கேபிளையும் கரண்டையும் பாருங்கள்.

யுஎஸ்பி 2.0 போர்ட் தரும் கரண்ட் 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. பல போர்ட்டபிள் டிஸ்க்குகளில் மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியில் 500-ஐத் தாண்டிவிடும். ஹப் என்பது ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி; தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் மவுஸ், கார்டு ரீடர், டிஸ்க் மூன்றையும் சொருகினால், ஒரே போர்ட்டின் கரண்டை மூன்றும் பங்கு போட்டுக்கொள்ளும். நீளமான மெல்லிய கேபிள் என்றால் வழியிலேயே வோல்டேஜ் குறையும். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வந்தாலும் உடனே பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் குட்டைக் கேபிளால் நேரடியாக மாட்டுங்கள். வேறு கம்ப்யூட்டரிலும் அதே சத்தம் வந்தால்தான் டிஸ்க்கே போய்விட்டது என்று நினைக்க வேண்டும்.

சரி, தூக்கம்தான் காரணம் என்று தெரிந்தால்? கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள் யுஎஸ்பி பகுதி இருக்கும், அதில் செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். அங்கே பலர் 'பிளக்டு இன்' பக்கத்தை மட்டும் நிறுத்திவிட்டு 'ஆன் பேட்டரி'யை மறந்துவிடுகிறார்கள். மண்டபத்தில் லேப்டாப் பேட்டரியில்தானே ஓடுகிறது! அப்புறம் டிவைஸ் மேனேஜரில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' ஒவ்வொன்றையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது லேப்டாப்பில் இந்தப் பக்கங்கள் கண்ணில் படாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

காப்பி ஓடும்போது லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களும் உண்டு. மூடினால் லேப்டாப்பே தூங்கிவிடும், டிஸ்க் என்ன செய்யும்?

அந்தத் தம்பிக்கு நான் செய்தது, ஹப்பைக் கழற்றிவிட்டு ஒரு குட்டைக் கேபிள் போட்டதுதான். கேபிளுக்கு மட்டும் காசு வாங்கினேன்.