நாள் கிழமை பார்த்துப் பாரிஸ் போங்கள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு எட்டு மணி இருக்கும். ஜெர்மனியில் ஆஹன் நகரத்தில் படிக்கிற பையன் ஒருவன் போன் செய்தான். நான் படித்த அதே துறை.

"அண்ணா, பாரிஸ் வந்துட்டோம். வாரப் பாஸ் போடலாம்னு மெஷின்ல கார்டை வெச்சா, திங்கட்கிழமையில இருந்துதான் காட்டுது. மெஷின் ரிப்பேரா?"

மெஷினுக்கு ஒன்றும் இல்லை. அவனோடு வந்தவர்களையும் சேர்த்து நான்கு பேர், ஆளுக்கு 5 யூரோ கொடுத்து பாஸ் ஏற்றுகிற அட்டை வாங்கியிருந்தார்கள். ஞாயிறு இரவு ஊர் திரும்புகிறார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர்கள் அளக்காமலே 20 யூரோவை சேன் ஆற்றில் போட்டுவிட்டார்கள்.

சிரிக்கத்தான் தோன்றியது, ஆனால் முடியவில்லை. 2018இல் நான் போட்டது அதைவிட அதிகம். அதற்கப்புறம் முதுகில் பையோடு ஏழெட்டு முறை போய் வந்தாயிற்று. போகிற ஒவ்வொரு முறையும் யாராவது என் பழைய தவறை எனக்கே நடித்துக் காட்டுகிறார்கள்.

பிக்பாக்கெட், சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் கையில் கயிறு கட்ட வருபவர்கள், மனுவில் கையெழுத்து கேட்பவர்கள் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லியாயிற்று. நான் சொல்ல நினைப்பது கிழமையைப் பற்றி. அந்த ஊரில் பாஸ், மியூசியம், இலவச நுழைவு எல்லாமே கிழமையில்தான் தொங்குகின்றன. ராகு காலம் பார்க்காவிட்டால் போகிறது, காலண்டரையாவது பாருங்கள். கூடவே, காசையும் நேரத்தையும் தின்கிற மற்றத் தவறுகளையும் தலைப்புத் தலைப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

வாரப் பாஸ்: எந்த வாரம்?

பாரிஸ் மெட்ரோவின் வாரப் பாஸ் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் செல்லாது. திங்கள் காலை தொடங்கி ஞாயிறு நள்ளிரவோடு முடியும். புதன்கிழமை வாங்கினாலும் அதே விலைதான், அதே ஞாயிறுதான். நடப்பு வாரத்துக்கான பாஸை வியாழன் வரைதான் போட முடியும். வெள்ளிக்கிழமையிலிருந்து மெஷின் அடுத்த வாரத்தைத்தான் காட்டும். பையன் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

என் கதை வியாழக்கிழமை. மாலையில் பாரிஸில் இறங்கினேன், செவ்வாய் காலை திரும்ப வேண்டும். நான்கு இரவுக்கு மேல் தங்குகிறோம், வாரப் பாஸ் எடுத்தால் கவலை இல்லை என்று கணக்குப் போட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் நல்ல மனிதர். பணத்தை வாங்குவதற்கு முன்னால் "ஜுஸ்கா திமான்ஷ்" என்று இரண்டு முறை சொன்னார். ஞாயிறு வரைதான் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமே நான்கு வார்த்தை. அதில் ஒன்றை எடுத்து "வுய், வுய்" என்று தலையாட்டினேன். புரியாத பாஷையில் தலையாட்டினால் என்ன ஆகும் என்று திங்கட்கிழமை தெரிந்தது.

அதற்கு முன் சனிக்கிழமை வேறொன்று நடந்தது. வாரப் பாஸ் போடுகிற அட்டைக்கு நவிகோ தெகூவெர்த் என்று பெயர். அட்டையின் விலை 5 யூரோ. அதில் உங்கள் போட்டோ ஒட்டிப் பெயரும் எழுத வேண்டும். போட்டோ 2.5 × 3 செ.மீ. இருக்க வேண்டும். என்னிடம் போட்டோ இல்லை. அங்கேயே இருந்த போட்டோ பெட்டிக்குள் போய் உட்கார்ந்தால் காசு கேட்கும். மிச்சம் பிடிக்க வந்தவன் அதற்கெல்லாம் செலவு செய்வானா? அட்டையை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கேட்டில் வைத்தால் கதவு திறக்கிறது, அப்புறம் என்ன?

ஷாத்தலே நிலையத்தின் நீண்ட சுரங்க நடைபாதையில், வளைவைத் தாண்டியதும் வரிசையாகப் பரிசோதகர்கள் நின்றார்கள். அவர்கள் எப்போதும் வளைவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்பார்கள். முன்கூட்டியே பார்த்துத் திரும்ப வழி இருக்காது. என் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார் ஒருவர். வெறும் அட்டை. பணம் கட்டியிருக்கிறேன், பாஸ் இருக்கிறது, வேண்டுமானால் மெஷினில் வைத்துப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் மன்றாடினேன். அவர் பதில் பேசவே இல்லை. அபராதத் தொகையைத் திரையில் காட்டினார். சாப்பாட்டுக்கு ஒதுக்கி வைத்திருந்த மூன்று நாள் பணம் அந்த இடத்திலேயே போனது. போட்டோ இல்லாத அட்டை யாருடையது என்று தெரியாது, அதனால் பாஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான். சட்டம் அவர்கள் பக்கம். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. யாரையாவது திட்டவாவது வழி இருந்தால் மனசு ஆறியிருக்கும்.

திங்கள் காலை கேட்டில் அட்டையை வைத்தேன். சிவப்பு. பக்கத்துக் கேட்டிலும் சிவப்பு. பின்னால் அலுவலகம் போகிறவர்கள் வரிசை கட்டி நிற்க, நான் மெஷினை முறைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் 'திமான்ஷ்' உறைத்தது. பத்து டிக்கெட் கொண்ட கட்டு அந்த நாளில் 15 யூரோவுக்கும் கீழே. அதை வாங்கி மிச்சத்துக்கு நடந்திருந்தால் போதும். நான் பாஸுக்கு 22 யூரோ சொச்சம், அட்டைக்கு 5, அபராதம், கடைசி இரண்டு நாளைக்கு மறுபடி டிக்கெட் என்று கொட்டினேன்.

அந்தக் காகித டிக்கெட் கட்டெல்லாம் இப்போது போய்விட்டது. 2025 ஜனவரியில் கட்டணத்தை மாற்றி அமைத்தார்கள். அந்த வருடக் கணக்குப்படி மெட்ரோ, ரயில் எதில் போனாலும் ஒரு பயணம் 2.50 யூரோ. பஸ், டிராம் 2 யூரோ. விமான நிலையத்துக்கு 13 யூரோ. வாரப் பாஸ் 31.60, விமான நிலையமும் அதில் அடக்கம். வருடா வருடம் ஜனவரியில் சில்லறை ஏறும், ஆனால் கணக்குப் போடும் விதம் மாறாது.

திங்கட்கிழமை விமானத்தில் வந்து ஞாயிறு திரும்புகிறவருக்கு அந்த 2025 விலையில் அட்டையோடு சேர்த்து 36.60 ஆனது. விமான நிலையம் போக வர மட்டுமே 26. ஐந்து மெட்ரோ பயணத்தில் மிச்சமும் கழிந்துவிடும். யோசிக்காமல் எடுக்கலாம். வியாழன் வந்து செவ்வாய் திரும்புகிறவருக்குத் திரும்பும் பயணம் பாஸில் வராது. நான்கு நாளில் பத்து முறை மெட்ரோ ஏறினால்தான் கட்டுப்படி ஆகும். வெள்ளி, சனியில் வருகிறவர் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம். நவிகோ ஈசி என்று 2 யூரோவுக்கு இன்னொரு அட்டை உண்டு. போட்டோ கிடையாது, பெயர் கிடையாது. அதில் ஒற்றை டிக்கெட்டுகளை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையைத் தட்டி நான்கு பேர் நுழைய முடியாது.

ஒருநாள் பாஸும் உண்டு, 2025இல் 12 யூரோ. அதுவும் 24 மணி நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். நள்ளிரவோடு சரி. மாலை ஐந்து மணிக்கு அதை வாங்குகிறவர்களைப் பார்த்தால் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கத் தோன்றும்.

போட்டோவை வீட்டிலேயே சின்னதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள்.

விமான நிலையத்தில் சாதா டிக்கெட்

சாதா மெட்ரோ-ரயில் டிக்கெட் ஊர் முழுக்கச் செல்லும், விமான நிலையத்துக்கு மட்டும் செல்லாது. நகரத்துக்குள் ஏறும்போது கதவு திறந்துவிடும். இறங்கும் இடத்தில்தான் மாட்டுவோம்.

இன்னொன்று. டிக்கெட் விலை குறைவு என்று போவே விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெயரில் பாரிஸ் இருக்கும். ஊர் சுமார் 80 கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கிருந்து வரும் பஸ் கட்டணத்தையும் ஒன்றேகால் மணி நேரத்தையும் டிக்கெட் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை லூவர் மியூசியம்

மூடியிருக்கும்.

ஓர்சே மியூசியமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

இலவசத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு காசு கட்டுவது

ஐரோப்பாவில் படிக்கிற நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். 26 வயது முடியாதவரா? ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றின் வசிப்பிட அனுமதி அட்டை கையில் இருக்கிறதா? லூவர், ஓர்சே, வெர்சாய் அரண்மனை எல்லாம் உங்களுக்கு இலவசம். குடியுரிமை வேண்டியதில்லை, அங்கே வசித்தால் போதும். எனக்கு அப்போது 24 வயது. ஜெர்மன் அட்டை பர்ஸிலேயே இருந்தது. ஓர்சே வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் ஏதோ அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். நான் மாணவர் அடையாள அட்டையை நீட்டினேன், அது எடுபடவில்லை. முழுக் காசும் கட்டினேன். விடுதிக்கு வந்து பக்கத்துப் படுக்கைக்காரன் சொல்லித்தான் தெரியும்.

இந்தியாவிலிருந்து சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு இந்த வழி கிடையாது. போதாததற்கு, 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு லூவர் கட்டணம் 32 யூரோ. கையைக் கடிக்கிற விலைதான். அவர்களும் கிழமை பார்க்கலாம். மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சே எல்லோருக்கும் இலவசம், ஆனால் முன்பதிவு செய்ய வேண்டும். நகராட்சி நடத்துகிற கார்னவாலே, பெத்தி பாலே போன்ற மியூசியங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு என்றைக்குமே கட்டணம் இல்லை, திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. லூவரில் மோனா லிசாவுக்கு முன்னால் நூறு தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்ப்பதைவிட, கார்னவாலேயில் அந்த ஊரின் பழைய கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும். உங்களுக்கு எப்படியோ.

வெர்சாய்க்கு டூர் எடுப்பது

டூர் எதற்கு? அதே சாதா மெட்ரோ-ரயில் டிக்கெட்தான். ஆர்.இ.ஆர். சி என்ற புறநகர் ரயில். வெர்சாய் ஷாத்தோ ரீவ் கோஷ் என்ற கடைசி நிறுத்தத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்கலாம். நவம்பர் முதல் மார்ச் வரை முதல் ஞாயிறுகளில் அரண்மனையும் இலவசம். அங்கே கூட்டம் திருப்பதி மாதிரி இருக்கும், அதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

இரவு பஸ்ஸில் வந்து ஓர் இரவு வாடகையை மிச்சம் பிடிப்பது

கேட்கும்போது புத்திசாலித்தனமாகத்தான் இருக்கும். பஸ் விடியற்காலை ஐந்து மணிக்கு பெர்சி நிலையத்தில் இறக்கிவிடும். மெட்ரோ ஓட அரை மணி நேரமாவது ஆகும். ஹாஸ்டலில் படுக்கை மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். தூங்காத கண்ணோடு எங்கே போவீர்கள்? நான் லுக்சம்பூர் தோட்டத்துப் பச்சை நாற்காலியில் மூன்று மணி நேரம் வாயைத் திறந்து தூங்கினேன். தோட்டம் அழகு என்று சொல்கிறார்கள். மிச்சம் பிடித்தது ஓர் இரவு வாடகை, தொலைத்தது ஒரு பகல். அப்படியே வருவதென்றால் பையை வைக்க அனுமதிக்கிற ஹாஸ்டலா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

சக்கரப் பெட்டி

வேண்டாம். மெட்ரோவில் லிஃப்ட் இருக்கும் நிலையங்களை விரல் விட்டு எண்ணலாம். மோன்மார்த்ர் பக்கம் ஹாஸ்டல் எடுத்தால் இறங்குகிற அபெஸ் நிலையம் 36 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே லிஃப்ட் உண்டு. அது ஓடாத நாளில் சுழல் படிக்கட்டு.

தண்ணீருக்குக் காசு

உணவகத்தில் "தண்ணீர்" என்று மட்டும் கேட்டால் பாட்டில் வரும், பில்லும் வரும். "யூன் கராஃப் தோ" என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும், சாப்பிடுகிறவர்களிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. தெருவில் 1872 முதல் நிற்கிற கரும்பச்சை வாலஸ் குழாய்களில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். காபி குடிப்பதென்றால் கௌண்டரில் நின்றபடி குடியுங்கள். உட்கார்ந்தால் பெரும்பாலான கடைகளில் விலை வேறு. விலைப் பலகையிலேயே இரண்டு வரிசையாகப் போட்டிருப்பார்கள்.

மூன்றாம் நாள் வரை லாச்சப்பல் போகாதது

முதல் முறை வந்தபோது ரொட்டியும் சீஸும் தின்று வயிறு இறுகிப்போனது. கார் து நோர் ரயில் நிலையத்தைத் தினமும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அதன் பின்பக்கம் ஐந்து நிமிட நடையில் தமிழ்ப் பலகைகள் தொடங்குகின்றன என்று யாரும் சொல்லவில்லை. ஈழத்துத் தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. அவர்கள் பேச்சில் லாச்சப்பல். கொத்து ரொட்டி, இடியாப்பம், தோசை, வடை எல்லாம் உண்டு. மெட்ரோ இரண்டாம் பாதையில் லா ஷாப்பல் நிறுத்தம். அங்கே இருக்கும் மாணிக்க விநாயகர் கோயில் 1985இல் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசி வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர் ஓடும், தெருவெங்கும் தேங்காய் உடைப்பார்கள். அந்த ஞாயிறு ஊரில் இருந்தால் மியூசியத்தை விட்டுவிட்டு இங்கே வாருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நால்வரையும் அங்கேதான் அனுப்பினேன். கடைக்கார அம்மா, "தம்பி, நடந்தே வந்தனீங்களோ?" என்று கேட்டாராம். அட்டைக்குப் போன 5 யூரோவை ஈடுகட்ட மெட்ரோ ஏறாமல் நடந்திருக்கிறார்கள், பெர்சியிலிருந்து.

பூட்டு

ஹாஸ்டல் லாக்கருக்குச் சொந்தப் பூட்டு கொண்டுபோங்கள். அங்கே விற்பார்கள், விலையைக் கேட்காதீர்கள்.