இலவச நாளில் ஓவிய அருங்காட்சியகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இலவச நாளில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கைத்தடியுடன் ஒரு பாட்டி. மறுநாள் காலையில் ஊர் திரும்புகிறார்களாம். இலவச நாள் வருகிறதென்று பயணத் தேதியையே மாற்றி வைத்ததாக அந்த அப்பா சந்தோஷமாகச் சொன்னார். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியும் வாசல் கண்ணில் படவில்லை. பாட்டி படிக்கட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சின்னவன் அழ ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் ஐந்து பேரும் வரிசையை விட்டு வெளியேறிப் போய்விட்டார்கள்.

அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது, பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு வரிசையில் நான் நின்றது நினைவுக்கு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வசதியான செருப்பு, தண்ணீர், சார்ஜ் போட்ட போன் போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘இலவசம்’ என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்துவது

யாருக்கு இலவசம், எந்த நேரத்தில், எதைப் பார்க்க என்ற மூன்றையும் படிக்காமல் கிளம்பக் கூடாது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகமான மோமாவில் வெள்ளி மாலை இலவசம் என்று கேள்விப்பட்டு வெளியூர்க்காரர்கள் வந்து நிற்பார்கள். அந்தச் சலுகை நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கானது. முகவரிச் சான்று கேட்பார்கள். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்தான், ஆனால் இணையத்தில் நேரம் பதிவு செய்துகொண்டு போக வேண்டும். லண்டன் நேஷனல் கேலரிக்கு எல்லா நாளும் இலவசமாகப் போகலாம், ஆனால் சிறப்புக் கண்காட்சிகள் பலவற்றுக்குத் தனி டிக்கெட் உண்டு.

விதிகள் மாறிக்கொண்டும் இருக்கும். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு காலத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசமாக இருந்தது. பிறகு அது முதல் சனிக்கிழமை மாலையானது. அப்புறம் முதல் வெள்ளி மாலைக்குப் போனது, அதுவும் ஜூலை, ஆகஸ்ட் நீங்கலாக. பழைய பயணக் குறிப்பை நம்பி ஞாயிற்றுக்கிழமை போய் நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் வருகையை இலவச நாளில் வைப்பது

இன்றைக்கும் எனக்கு ஆறாத தவறு இதுதான். மறுபடி எப்போது வருவோம் என்று தெரியாத ஊரில், ஒரே ஒரு முறை பார்க்கப்போகும் அருங்காட்சியகத்துக்கு இலவச நாளைத் தேர்ந்தெடுப்பது.

கணக்கைப் பாருங்கள். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 மணியிலிருந்து 8 மணி வரை இலவசம். கேட்க நன்றாக இருக்கிறது. அந்த 2 மணி நேரத்துக்குள்தான் வரிசை நகர வேண்டும், பாதுகாப்புச் சோதனை முடிய வேண்டும், பையை ஒப்படைக்க வேண்டும். மூடும் நேரம் நெருங்கும்போது எந்த அருங்காட்சியகத்திலும் காவலர்கள் உள் அறைகளிலிருந்து ஆட்களை வெளியே அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். கையில் மிஞ்சுவது ஒரு மணி நேரம் என்றால் நல்ல அதிர்ஷ்டம். வெலாஸ்கெஸ், கோயா, போஷ் என்ற மூன்று பெரிய ஓவியர்களையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் எப்படி அடக்குவீர்கள்?

நேரத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அது தூரம். வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியம் 3 மீட்டருக்கும் மேல் உயரம். பின்னால் தள்ளி நின்று பார்த்தால்தான் அந்த அறையின் ஆழமும், கண்ணாடியில் தெரியும் அரசன் அரசியும், கதவருகே நிற்கிற ஆளும் ஒன்றாகச் சேர்ந்து வருவார்கள். கூட்டம் நிற்பது சரியாக அந்த இடைவெளியில்தான். சின்னப் படத்துக்கு இதைவிட மோசம். மோனாலிசா வெறும் 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். பத்து வரிசைத் தலைகளுக்குப் பின்னாலிருந்து அதில் எதைப் பார்ப்பது?

நான் போனது அம்மாவோடு. எந்த அருங்காட்சியகம் என்பது இங்கே முக்கியமில்லை, தவறு என்னுடையது. அம்மா ஒரு பத்திரிகையிலிருந்து ஓர் ஓவியத்தைக் கத்தரித்துத் தன் நோட்டுப் புத்தகத்தில் பல வருடங்கள் ஒட்டி வைத்திருந்தார். அதை நேரில் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. டிக்கெட் காசு மிச்சம் என்று இலவச நாளாகப் பார்த்து அழைத்துப் போனேன். இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்றோம். உள்ளே போனதும் நான் ஓடினேன், அம்மா என் பின்னால் மூச்சு வாங்க வந்தார். நெரிசல் அதிகமாகி அந்த அறைக்கு ஆட்களைப் பகுதி பகுதியாக விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது அம்மாவால் படத்தின் மேல் பாதியை மட்டும்தான் பார்க்க முடிந்தது. எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, “வானம் மட்டும் தெரியுதுப்பா” என்றார். மறுநாள் எங்களுக்கு ரயில்.

மிச்சம் பிடித்தது இரண்டு டிக்கெட் காசு. அந்தப் பயணத்துக்குச் செலவழித்த மொத்தப் பணத்தில் அது ஒரு சிறு துளிகூட இல்லை. ஆறு வருடம் கழித்து, ஒரு சாதாரண புதன்கிழமை, டிக்கெட் எடுத்து அம்மாவை மறுபடி கூட்டிப்போனேன். அந்தப் படத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். முதல் முறையே அப்படிச் செய்திருக்கலாம். அந்த ஆறு வருடத்தில் அவருடைய கண்பார்வை குறைந்துவிட்டிருந்தது.

திரும்பத் திரும்ப வரக்கூடியவர்களுக்குத்தான் இலவச நாள் நல்லது. பக்கத்திலேயே வசிக்கிறீர்கள், ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாகிவிட்டது, இன்றைக்கு ஓர் அறை மட்டும் பார்த்தால் போதும் என்றால் தாராளமாகப் போங்கள். கையில் பணமே இல்லை, இலவச நாள்தான் வழி என்றாலும் போகத்தான் வேண்டும். ஆனால் இரண்டு படங்களை முன்பே தேர்ந்து வைத்துக்கொண்டு, அவற்றுக்காக மட்டும் போங்கள்.

அதற்கும் முன்னால், சலுகைப் பட்டியலைப் படியுங்கள். லூவர், ஓர்சே, பிராடோ எல்லாவற்றிலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்த நாளிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பல இடங்களில் சலுகை உண்டு. வரிசையை விட்டுப் போன அந்தக் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளுக்கும் வேறு எந்த நாளிலும் டிக்கெட் தேவைப்பட்டிருக்காது. வாசல் பலகையில் அது எழுதியிருந்தது. நான் அதைப் படிக்கும்போது அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

பெரிய பை

கொண்டுவராதீர்கள்.

திறக்கும்போதே போனால் கூட்டம் இருக்காது என்று நம்புவது

இலவச நாளில் எல்லாருமே அப்படித்தான் நினைத்து வருகிறார்கள். நாள் முழுக்க இலவசம் என்றால் பிற்பகலின் கடைசிப் பகுதி ஓரளவு தேவலை. இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் இலவசம் என்றால் கதை தலைகீழ், முன்னதாகவே போய் நின்றாக வேண்டும். கடைசி நுழைவு நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு பிற்பகல் 2 மணி வரை இலவசம், ஆனால் 12.30-க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்பது

திரும்பி வந்தால் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

தலைக்கு மேல் போனைத் தூக்கிப் படம் எடுப்பது

பிராடோவில் படமெடுக்க அனுமதியே இல்லை. அனுமதி உள்ள இடத்திலும் அந்தப் படத்தில் பாதி பிறருடைய கைகளாகத்தான் இருக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை இல்லாத தன் படைப்புகளின் தெளிவான படங்களை இலவசமாகவே தருகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் அப்படித்தான். வீட்டில் அதைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்க்கலாம். நேரில் இருக்கும் சில நிமிடங்கள் கண்ணுக்கு.

கூட்டம் போகும் பக்கமே போவது

உள்ளே நுழைந்ததும் முக்கால்வாசிப் பேர் ஒரே அம்புக்குறியைப் பின்தொடர்வார்கள். லூவரில் மோனாலிசா இருக்கும் அதே அறையில், எதிர்ச் சுவரில், வெரோனேசே வரைந்த ‘கானாவூர்த் திருமணம்’ ஓவியம் இருக்கிறது. கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். நூற்றுக்கணக்கானவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஓர்சேயில் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களுக்காக எல்லாரும் ஐந்தாம் தளத்துக்கு ஏறும்போது, கீழ்த்தளத்தில் கூர்பே, மில்லே என்ற ஓவியர்களின் படங்கள் ஓரளவு நிம்மதியாகப் பார்க்கக் கிடைக்கும்.

இலவச நாளில் நான் முதலில் தேடிப்போவது தாளில் வரைந்த ஓவியங்களும் அச்சு ஓவியங்களும் இருக்கும் அறையை. தாளும் மையும் வெளிச்சத்தில் மங்கிவிடும். அதனால் விளக்கைக் குறைத்து வைத்திருப்பார்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை படங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேறு மாட்டுவார்கள். இன்று சுவரில் இருப்பது அடுத்த முறை இருக்காது என்பதால், பத்தாவது தடவை போகிறவருக்கும் அங்கே புதிதாக ஏதாவது இருக்கும். போன மாதம் அந்த நீண்ட வரிசை முடிந்து உள்ளே போனபோதும் அங்கேதான் போனேன். கீழே பெரிய கூடத்தில் நடக்க இடமில்லை. அந்த அறையில் நான்கே பேர் இருந்தோம்.